மண்ணால் ஆன ஆயிரம் வருஷம்: ஸ்பிட்டி மடாலயங்களுக்குப் போகும் முன்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



கோடை விடுமுறை நெருங்கினாலே நமக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே மாதிரி இருக்கும். "ஸ்பிட்டி போறோம், எட்டு நாள், என்னென்ன பார்க்கணும்?" இடங்களோட லிஸ்ட் உங்களுக்கு எங்க வேணும்னாலும் கிடைக்கும். அதனால இன்னைக்கு லிஸ்ட் கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற பௌத்த மடாலயங்கள் எதனால் ஆனவை, எப்படி இவ்வளவு காலம் நின்றன, நாம் உள்ளே போவதால் அவற்றுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் பேசப்போகிறோம். இது தெரிஞ்சுட்டுப் போனா, அங்க நீங்க பார்க்கிற விதமே மாறும்.

ஒரு சின்ன சம்பவத்துல ஆரம்பிக்கிறேன். நான் முதல் தடவை தாபோ மடாலயத்துக்குப் போனப்போ கூட ஒரு நண்பன் வந்திருந்தான். பல மணி நேரம் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கியிருக்கோம். அவன் சுத்திப் பார்த்துட்டு சொன்ன முதல் வார்த்தை: "டேய், இதுவா? எங்க ஊர் செங்கல் சூளை மாதிரி இருக்கு."

அவனைக் குறை சொல்ல முடியாது. கோபுரம் இல்லை, தங்கக் கூரை இல்லை. மண் நிறத்தில், ஜன்னலே இல்லாத, பெட்டி பெட்டியான கட்டடங்கள். மதில்சுவரும் மண்தான். பின்னால் இருக்கிற மலையும் அதே நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் மலை எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

அந்தச் "செங்கல் சூளை" கட்டப்பட்ட ஆண்டு 996.

நமக்குத் தெரிந்த வரலாற்றில் வைத்துப் பார்த்தால், ராஜராஜ சோழன் தஞ்சாவூரில் ஆட்சியில் இருந்த காலம். பெரிய கோயில் பணி நிறைவடைந்தது 1010-ல். அதாவது பெரிய கோயிலை விட தாபோ 14 வருஷம் மூத்தது. அது கருங்கல், அது நிற்பதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. இது வெறும் மண். வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல், மேலே மண் பூச்சு. இது எப்படி நிற்கிறது? இதுதான் இன்றைய கேள்வி.

மழை வராத ஊர்

ஸ்பிட்டி, இமாசலப் பிரதேசத்தில் லாஹௌல்-ஸ்பிட்டி மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கின்னோர், ஒரு பக்கம் லடாக், கிழக்கே திபெத். ஸ்பிட்டி என்ற பெயருக்கு "நடுவில் இருக்கும் நிலம்" என்று பொருள் சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பின்படி ஸ்பிட்டி முழுக்கச் சேர்த்தே சுமார் 12,000 பேர்தான். நம்ம ஊர்ல ரெண்டு மூணு பெரிய அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ் சேர்ந்தா வந்துடும்.

பள்ளியில் "மழை மறைவுப் பகுதி"ன்னு படிச்சது ஞாபகம் இருக்கா? அதுக்கு ஸ்பிட்டி ஒரு நல்ல உதாரணம். பருவமழை மேகங்கள் தெற்கே இருக்கும் உயரமான மலைத்தொடரில் மோதி, பெரும்பாலும் அங்கேயே பெய்து தீர்ந்துவிடும். இந்தப் பக்கம் வருவது கொஞ்சம்தான். குளிர்காலத்தில் பனி விழும். அதனால்தான் இதைக் குளிர் பாலைவனம் என்கிறார்கள்.

மழையே பெரிதாக இல்லாத இடத்தில் மண் ஒரு நல்ல கட்டுமானப் பொருள். காலுக்குக் கீழேயே கிடைக்கும். தடிமனான மண்சுவர் பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெதுவாக வெளியே விடும். வெளியே எலும்பு வரைக்கும் குளிர் ஏறும்போது உள்ளே உட்கார முடிவது அதனால்தான். மரம் அரிது என்பதால் மரத்தை உத்தரம், தூண், கதவு என்று அத்தியாவசியமான இடங்களில் மட்டும் பயன்படுத்தினார்கள்.

கூரையும் மண்தான். உத்தரங்களின் மேல் குச்சிகள், அதன்மேல் புதர்ச்செடி மாதிரி ஒரு படுகை, அதன்மேல் களிமண்ணைப் போட்டுத் தட்டித் தட்டி இறுக்கிய தட்டையான கூரை. பனி விழுந்தால் உருகி இறங்கும் முன் யாராவது மேலே ஏறித் தள்ளிவிட வேண்டும். "யாராவது" என்ற இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

ஒரு ராஜா, ஒரு மொழிபெயர்ப்பாளர்

இந்த ஒதுக்குப்புறத்தில் ஏன் இவ்வளவு பெரிய மடாலயம்? அந்தக் காலத்தில் இது ஒதுக்குப்புறமே இல்லை என்பதுதான் பதில். மேற்குத் திபெத்தில் குகே என்று ஒரு அரசு இருந்தது. ஸ்பிட்டி அதன் பகுதி. காஷ்மீருக்கும் திபெத்துக்கும் இடையே வணிகர்களும் துறவிகளும் போய்வந்த வழிகள் இந்தப் பக்கம்தான்.

திபெத்தின் பழைய பேரரசு 9-ஆம் நூற்றாண்டில் உடைந்தபோது, அரசு ஆதரவில் இருந்த பௌத்தமும் சிதறிப்போனது. 10-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை மறுபடி கட்டியெழுப்ப முனைந்தவர் குகே அரசர் யேஷே-ஓ. அவரே பின்னால் துறவியானார். தாபோவை நிறுவியவர் அவர்தான். முதன்மைக் கோயிலின் முன்கூடத்துச் சுவரில் அவரையும் துறவிகளான அவருடைய இரண்டு மகன்களையும் ஓவியமாக வரைந்து பெயரும் எழுதியிருக்கிறார்கள். மகன்கள் பேர் என்ன தெரியுமா? நாகராஜன், தேவராஜன். சத்தியமா. நம்ம தெருவில் இருக்கிற ரெண்டு அண்ணன் தம்பி பேர் மாதிரியே இருக்கும். புத்தம் புதிதாகச் சமஸ்கிருதத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஒரு சமூகம், பிள்ளைகளுக்கும் அந்த மொழியிலேயே பெயர் வைத்திருக்கிறது.

அந்த மொழிபெயர்ப்பு வேலையின் நடுநாயகம் ரின்சென் சாங்போ (958–1055). காஷ்மீருக்குப் போய் வருஷக்கணக்கில் படித்து, நூல்களோடு திரும்பி வந்து, வாழ்நாள் முழுக்கத் திபெத்திய மொழிக்கு மாற்றியவர். "பெரிய மொழிபெயர்ப்பாளர்" என்பதே அவருக்குப் பட்டம். மேற்கு இமயத்தில் ஏராளமான கோயில்களை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். காஷ்மீரிலிருந்து 32 கலைஞர்களை அவர் அழைத்து வந்தார் என்பது மரபு. தாபோ ஓவியங்களில் முகங்களும் ஆடைகளும் காஷ்மீரக் கலையை ஞாபகப்படுத்துவது சும்மா இல்லை.

இப்போ முக்கியமான விஷயம். தாபோ கோயிலுக்குள் சுவரில் ஒரு கல்வெட்டு மாதிரி எழுத்து இருக்கிறது. கல்லில் வெட்டியது இல்லை, மையால் எழுதியது. நிறுவப்பட்டு 46 ஆண்டுகள் கழித்து, 1042-ல், யேஷே-ஓவின் வம்சத்தில் வந்த ஜாங்சுப்-ஓ இந்தக் கோயிலைப் புதுப்பித்தார் என்ற செய்தி அதிலிருந்துதான் தெரிகிறது.

46 வருஷத்துலயே புதுப்பிச்சாச்சு! "ஆயிரம் வருஷப் பழமை"ன்னு நாம சொல்றப்போ, யாரோ கட்டிட்டுப் போனது அப்படியே நிக்குதுன்னு கற்பனை பண்ணிக்கிறோம். இங்க அப்படி எதுவும் நடக்கலை. கட்டினவங்களோட அடுத்தடுத்த தலைமுறையே வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. அது இன்னும் நிக்கலை.

உள்ளே போனால்

அந்த முதன்மைக் கோயிலின் பெயர் சுக்லாகாங். செருப்பைக் கழற்றிவிட்டு, முன்கூடம் தாண்டிச் சபைக்கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. இருட்டு. கூரையில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக வரும் வெளிச்சம்தான். பலர் இங்கேதான் தப்பு பண்றாங்க. உள்ளே போய், இருட்டைப் பார்த்து, ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்க. கண் பழகட்டும்.

பழகப் பழக, சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே சுதை உருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். முப்பதுக்கும் மேற்பட்ட வண்ணம் தீட்டிய களிமண் சிற்பங்கள், தாமரைப் பீடத்தில், சுவரிலிருந்து புடைத்து மிதப்பது போல. நடுவில் வைரோசன புத்தர். நான்கு உருவங்கள் முதுகோடு முதுகாக, நான்கு திசையையும் பார்த்தபடி.

மண்டலம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வட்டத்துக்குள்ள சதுரம், நடுவுல ஒரு புத்தர், சுத்தி மத்தவங்க. போஸ்டர்ல, டி-ஷர்ட்ல எல்லாம் வரும். தாபோவில் அந்தக் கூடமே ஒரு மண்டலம். வஜ்ரதாது மண்டலம் என்று பெயர். தாளில் பார்க்கும் படத்தை அறை அளவுக்கு எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். மற்ற இடத்தில் மண்டலத்தை வெளியே நின்று பார்ப்போம். இங்கே அதன் உள்ளே நிற்கிறோம்.

சிற்பங்களுக்குக் கீழே, கண் மட்டத்தில், ஒரு பட்டை போல ஓவியங்கள் ஓடுகின்றன. ஒரு பக்கம் புத்தரின் வாழ்க்கை. இன்னொரு பக்கம், நுழைந்ததும் இடது கையில் தொடங்குவது, சுதனன் என்ற வணிகன் மகனின் கதை. கண்டவியூக சூத்திரத்தில் வருவது. ஜாவாவின் போரோபுதூரிலும் இதே கதையைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

கதை எளிமையானது. ஞானம் தேடும் சுதனனை மஞ்சுஸ்ரீ தெற்கு நோக்கி அனுப்புகிறார். அவன் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைத் தேடிப் போகிறான். துறவிகள் மட்டும் இல்லை. வாசனைத் திரவியம் விற்பவர், கப்பலோட்டி, அரசன், கணிகை, மணலில் விளையாடும் ஒரு சிறுவன் என்று எல்லாரும் ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, "எனக்கு இவ்வளவுதான் தெரியும், அடுத்து இவரைப் போய்ப் பார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். யாருமே "எனக்கு எல்லாம் தெரியும்"னு சொல்றது இல்லை.

அந்த ஆசிரியர்களில் ஒருவர் நம்ம பக்கத்துக்காரர். திராவிட நாட்டில், வஜ்ரபுரம் என்ற ஊரில், எழுத்துகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் மேகன். சுதனன் வந்து தான் தேடுவதைச் சொன்னதும், மேகன் தன் ஆசனத்திலிருந்து இறங்கி மாணவனை விழுந்து வணங்குகிறார். 3,000 மீட்டருக்கு மேல், திபெத் எல்லைக்குப் பக்கத்துல, ஒரு இருட்டு அறையில ஓடுற கதைக்குள்ள தென்னாட்டு வாத்தியார் ஒருத்தர் இருக்கார்னு தெரிஞ்சப்போ எனக்குச் சிலிர்த்துடுச்சு.

ஒரு வேண்டுகோள். கூடத்தைக் கடிகார முள் போகும் திசையிலேயே சுற்றுங்கள். மரியாதைக்காக மட்டும் இல்லை. இடதுபக்கம் தொடங்கி நடந்தால்தான் கதை வரிசையாக வரும். ஓவியமே அந்த நடைக்காக வரையப்பட்டது.

யார் காப்பாற்றினார்கள்?

இப்போ அந்த "யாராவது" என்ற வார்த்தைக்குத் திரும்ப வருவோம்.

மண் கட்டடம் தானாக நிற்காது. கூரையில் விரிசல் விழுந்தால் புது மண் பூச வேண்டும். சுவர் உரிந்தால் பூச வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பனியைத் தள்ள வேண்டும். நாலைந்து வருஷம் கவனிக்காமல் விட்டாலே போதும், கூரை வழியாக நீர் இறங்கத் தொடங்கும். நீர் இறங்கும்போது மண்ணையும் கரைத்துக்கொண்டு ஓவியத்தின் மேலேயே வழியும். தாபோவிலேயே சில இடங்களில் முகங்களின் குறுக்கே பழுப்பு நிறக் கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். கண்ணீர் மாதிரி இருக்கும். அது ஏதோ ஒரு வருஷத்து ஈரம்.

1975 ஜனவரி 19 அன்று கின்னோரில் பெரிய நிலநடுக்கம். தாபோவும் சேதமடைந்தது. ஆனால் ஆயிரம் வருஷக் கூடம் விழவில்லை. பிறகு வழிபாட்டுக்காகப் பக்கத்திலேயே ஒரு புதிய கூடம் கட்டினார்கள். 1983-லும், ஆயிரமாவது ஆண்டான 1996-லும் தலாய் லாமா அங்கே காலசக்கர போதனை நடத்தினார். இன்று பழைய கோயில்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. மடாலயமோ தொடர்ந்து இயங்குகிறது. நீங்கள் பார்க்கப் போவது மியூசியம் இல்லை. ஒருவருடைய கோயில், ஒருவருடைய பள்ளிக்கூடம், ஒருவருடைய வீடு.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். ஸ்பிட்டியின் மிகப் பிரபலமான படம், ஒரு குன்றின்மேல் தீப்பெட்டிகளைக் கொட்டி வைத்தது போல இருக்கும் கீ மடாலயம். காசாவிலிருந்து பக்கம்தான், உயரம் 4,166 மீட்டர். ஏன் அப்படி ஒழுங்கே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது? படையெடுப்பில் இடிந்திருக்கிறது, தீயில் எரிந்திருக்கிறது, 1975-ல் ஆடியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மிச்சம் இருந்ததன்மேல் திரும்பக் கட்டினார்கள். இன்ஸ்டாகிராமில் நாம் லைக் போடும் அந்த அழகு, பழுது பார்த்துப் பார்த்து வந்த அழகு.

தன்கர் இன்னும் நுட்பமான நிலையில் இருக்கிறது. ஸ்பிட்டி ஆறும் பின் ஆறும் சேரும் இடத்துக்கு மேலே, செங்குத்தான முகட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மடாலயம். பெயருக்கே "பாறை முகட்டுக் கோட்டை" என்று அர்த்தம் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் ஸ்பிட்டியின் தலைநகரம். அது நிற்கும் முகடே அரித்துக்கொண்டு வருகிறது. 2006-ல் உலக நினைவுச்சின்ன நிதியம், உலகில் ஆபத்தில் இருக்கும் 100 இடங்களின் பட்டியலில் தன்கரைச் சேர்த்தது. மேல்மாடிக்கு ஒரே நேரத்தில் கூட்டமாக ஏறாதீர்கள். நாலு பேர் இறங்கும்வரை காத்திருப்பதில் ஒன்றும் குறையாது.

இப்போது மாறியிருப்பது

ஆயிரம் வருஷமா சமாளிச்சாங்க, இனிமேலும் சமாளிப்பாங்கன்னு தோணலாம். ரெண்டு விஷயம் மாறியிருக்கு.

முதலாவது வானிலை. பனி குறைகிறது, பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது என்று உள்ளூர் மக்கள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பனியை மண் கூரையிலிருந்து தள்ளிவிடலாம். மழையைத் தள்ள முடியாது. மழை வராது என்று நம்பிக் கட்டிய கட்டடத்தின் மேல் மழை பெய்வதுதான் இங்கே பிரச்சினை. சரி, சிமென்ட் பூசிடலாமே? பூசினால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி, மண்ணை உள்ளிருந்து பலவீனமாக்கும். மண் சுவர் மூச்சு விட வேண்டும். அதைப் பூசத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டு வருகின்றன. இளைஞர்கள் படிக்கவும் வேலைக்கும் வெளியே போகிறார்கள். புது வீடுகள் கான்கிரீட்டில் வருகின்றன.

இரண்டாவது, நாம். சாலை நல்லா ஆகுது, அடல் சுரங்கப்பாதை 2020-ல் திறந்தது, ரீல்ஸ் வேற. சின்ன, காற்றோட்டமில்லாத அறையில் ஐம்பது பேர் நின்றால் மூச்சிலேயே ஈரம் ஏறும். காலில் தூசி வரும். முதுகுப் பை சுவரில் உரசும். தனியாக ஒருத்தர் செய்வது ஒன்றுமே இல்லை. ஒரு சீசன் முழுக்கச் சேர்த்தால் அது இன்னொரு மழை.

அப்போ போகவே கூடாதா? இதைத்தான் போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க. என் பதில்: போகலாம், போகணும். ஹோம்ஸ்டேயில் நீங்கள் கொடுக்கும் பணம் ஒரு குடும்பம் ஊரிலேயே இருப்பதற்கு ஒரு காரணமாகும். ஊரில் ஆள் இருந்தால்தான் கூரைமேல் ஏற ஆள் இருக்கும். எப்படிப் போகிறோம் என்பதில்தான் விஷயம்.

எப்படிப் போவது

முதலில் உடம்பு. சிம்லா, கல்பா, நாக்கோ, தாபோ, காசா என்று கின்னோர் வழியாகப் போங்கள். உயரம் படிப்படியாக ஏறும். மணாலி வழி சுமார் 2,000 மீட்டரில் தொடங்கி, 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்சும் கணவாயைத் தாண்டி ஒரே நாளில் கொண்டுபோய் விடும். அது கோடையிலிருந்து அக்டோபர் வாக்கில்தான் திறந்தும் இருக்கும். திரும்பி வருவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறுவதை நிறுத்துங்கள். மூச்சுத்திணறலோ தடுமாற்றமோ வந்தால் உடனே கீழே இறங்குங்கள். மாத்திரை எல்லாம் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

நானே வீம்புக்கு முதல் நாளே கீயில் படிக்கட்டில் ஓடி ஏறினவன்தான். அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தலையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அதனால சொல்றேன்.

அடுத்து கோயிலுக்குள். பையை வெளியே வைத்துவிட்டுப் போங்கள், அல்லது முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். சுவரில் சாயாதீர்கள், தூணைத் தடவாதீர்கள். குழுவாகப் போனால் நாலைந்து பேராகப் பிரிந்து உள்ளே போங்கள். பூஜை நடந்தால் ஓரமாக உட்காருங்கள். தேநீர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பிக்குகளை, குறிப்பாகச் சின்னப் பையன்களை, கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வழியில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவர் வந்தால் அது உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி நடங்கள். அந்தக் கல்லில் ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள். லாங்சாவில் தொல்லுயிர் எச்சக் கல்லை விற்க வருவார்கள். வாங்காதீர்கள்.

தண்ணீர் பனி உருகி வருவதுதான். வாளி வாளியாகக் குளிக்காதீர்கள். உலர் கழிப்பறை பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அதில் சேர்வதுதான் வயலுக்கு உரம்.

நேயர் கேள்விகள்

"தாபோ உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டாங்களாமே, ஒரு மொபைல் போட்டோவால என்ன ஆயிடும்?"

ஒண்ணால ஒண்ணும் ஆகாது. ஆனால் வெளிச்சத்தால் வரும் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும், திரும்பச் சரியாகாது. அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது. படம் எடுக்கிறவர் ஃபிரேமுக்காகப் பின்னால் பின்னால் நகர்வார். பின்னால் இருப்பது ஆயிரம் வருஷச் சுவர். இன்னொன்றும் சொல்கிறேன். போன் கையில் இல்லாததால்தான் நான் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தேன்.

"கியூ கிராமத்து மம்மியைப் பார்க்கலாமா?"

பார்க்கலாம். சும்தோ பக்கம் உள்ளே போக வேண்டும். சுமார் 500 வருஷத்துக்கு முந்தைய ஒரு துறவியின் உடல், உட்கார்ந்த நிலையில் இருக்கிறது. 1975 நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளியே தெரியவந்தது. நமக்கு "மம்மி", ஊர்க்காரர்களுக்கு அவர் வணக்கத்துக்குரியவர். அவர் முன்னாடி செல்ஃபி எடுக்கும் முன் இதை ஒரு நொடி யோசிங்க.

"ஒரே ஒரு நாள்தான் இருக்கு, எதைப் பார்க்கிறது?"

தாபோ மட்டும். காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை உள்ளே போங்கள். வெளிச்சம் மாறும்போது வேற வேற முகங்கள் தெரியும்.

முடிக்கும் முன் என் நண்பன் கதையை முடிச்சிடறேன். செங்கல் சூளைன்னு சொன்னானே, அவன். வெளியே வந்தப்போ ஒரு வயசான ஆள் மதில்சுவரில் ஒரு வெடிப்பை ஈர மண்ணால் அடைச்சுட்டு இருந்தார். இவன் பக்கத்துல போய் சைகையிலயே கேட்டு, ரெண்டு கை மண் எடுத்து அப்பினான். அவர் சிரிச்சுட்டு, இவன் பூசினதை வழிச்சு எடுத்துட்டு, சரியா எப்படிப் பூசணும்னு காட்டினார். இவனும் திரும்பப் பூசினான். அடுத்த மழையில் அது கரைஞ்சிருக்கும். யாராவது மறுபடி பூசியிருப்பாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். ஸ்பிட்டி போயிட்டு வந்தவங்க உங்க அனுபவத்தைக் குரல் பதிவா அனுப்புங்க.